லீவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்ட சித்திக்கு

அன்புள்ள சித்தி,

"பள்ளிக்கூடம் லீவு விட்டு, லீவு முடிஞ்சு, திறந்தும் ஆச்சு. நீ இன்னும் வந்த பாடில்லையே?" என்று போனில் கேட்டீர்கள். பேச்சு விட்டுவிட்டு வந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இதையேதான் பெரியப்பாவும் கேட்டார், அத்தையும் கேட்டார், எதிர்வீட்டு ஆச்சி அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிக்கிறாராம். அதனால் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

ஏரியைப் படிக்கிறவளுக்குக் கோடைதான் அறுப்புக்காலம், சித்தி. கதிர் சாய்ந்து நிற்கிற நேரத்தில் சித்தப்பா எந்தக் கல்யாணத்துக்காவது வெளியூர் போய்த் தங்கியிருக்கிறாரா? அதே கதைதான் எனக்கும். இங்கே அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் ஊரில், டிசம்பர் ஜனவரியில் ஏரி உறைந்துவிடும். மேலே நடக்கலாம், துளை போட்டுத் தூண்டில் போடலாம். படகு விட முடியாது. வசந்தத்தில் பனி உடைந்து, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று தண்ணீர் உயிரோடு கொதிக்கிற மாதங்கள் வரும்போது ஏரியை விட்டு நகர எனக்கு மனசு வருவதில்லை. நகரவும் முடியாது. பிஎச்டியில் மற்ற மாதங்களில் வகுப்பு, பாடம் நடத்துவது, தேர்வுத்தாள் திருத்துவது என்று ஓடிவிடும். கோடையில் அது ஒன்றும் கிடையாது. இளநிலை மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், வளாகம் அமைதியாகிவிடும், ஏரி முழுக்க எங்களுக்குத்தான்.

மெண்டோட்டா என்று பேர். சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆழமான இடத்தில் 25 மீட்டர். நம் ஊர்க் கண்மாயில் ஆள் மூழ்குகிற ஆழமே மடைக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், இது ஏழெட்டு மாடிக் கட்டடத்தை உள்ளே வைக்கிற ஆழம். பல்கலைக்கழகம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடம் 1963-ல் கரையை ஒட்டிக் கட்டப்பட்டது. கதவைத் திறந்தால் படகுத்துறை. எட்வர்ட் பர்ஜ் என்று ஒருவர் 1875-ல் இங்கே வேலைக்கு வந்தார். ஏரித் தண்ணீரில் இருக்கும் சின்ன உயிர்களைப் பார்க்கத் தொடங்கியவர், கடைசியில் ஏரி எப்படி மூச்சு விடுகிறது என்பதையே ஆராயப் போய்விட்டார். பிறகு சான்சி ஜூடே வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் ஏரிகளைப் பற்றிய படிப்பு வேர் பிடித்தது இவர்கள் இரண்டு பேரால்தான். பர்ஜ் பிறகு இந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார், 98 வயது வரை வாழ்ந்தார். அவர்கள் அளந்த அதே ஏரியில் இன்றைக்கு நானும் கயிறு விடுகிறேன் என்று நினைக்கும்போது ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

"தண்ணியில போய் வருஷக்கணக்கா படிக்க என்ன இருக்கு?" என்றும் கேட்டீர்களே. வாருங்கள், படகில் கூட்டிப் போகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம். காற்று எழுவதற்குள் போய்விட வேண்டும். ஏரியின் நடுவில் ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டதும் முதல் வேலை, தட்டை இறக்குவது. சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது, 20 சென்டிமீட்டர் அகலம், நாலு கால்பங்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்திருக்கும். நடுவில் கயிறு, கயிற்றில் அளவுக் குறி. படகின் நிழல் விழும் பக்கமாகக் குனிந்து, கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, மெதுவாக இறக்க வேண்டும். வெள்ளை முதலில் பச்சையாகும், அப்புறம் கலங்கலாகும், அப்புறம் ஒரு கணத்தில் காணாமல் போகும். அந்த அளவைக் குறித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, மறுபடி மேலே இழுத்து, எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ அதையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடு அளவுதான் அன்றைய தெளிவு. இத்தாலியில் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார், வானவியல்காரர், 1865-ல் போப்பின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டை இறக்கிக் கடலின் தெளிவைப் பார்த்தார். அவர் பேரில்தான் இன்றும் செக்கி தட்டு என்கிறோம். லட்ச லட்சமாகக் கொட்டி வாங்கின கருவிகள் படகில் இருக்கின்றன. ஆனாலும் இந்தத் தட்டை இறக்காமல் எந்த நாளும் தொடங்குவதில்லை. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

அடுத்தது வெப்பம். கம்பியில் கட்டிய உணரியை மீட்டர் மீட்டராக இறக்குவேன். மேலே 25 டிகிரி. இரண்டாவது மீட்டரில் அதே அளவு, ஐந்தாவதிலும் ஏறக்குறைய அதே. எட்டு, ஒன்பதைத் தாண்டியதும் எண் சடசடவென்று இறங்கும். அடியில் 12 டிகிரி அளவுக்கு வந்துவிடும். மேலே வெயில் காய்ச்சிய லேசான தண்ணீர், கீழே வசந்தகாலத்தில் அடைபட்ட கனமான குளிர்தண்ணீர். கோடை முழுக்க இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்காது. அக்டோபரில் குளிர் வந்து மேல்தண்ணீர் கனமான பிறகுதான் ஏரி ஒரு புரட்டுப் புரண்டு கலக்கும். அதுவரைக்கும் கீழே இருப்பதற்குப் புதுக் காற்று கிடையாது. மேலேயிருந்து விழுகிற அழுகலைத் தின்று தின்று நுண்ணுயிர்கள் அங்கே இருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஜூலை பாதிக்கு மேல் அடியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து பாட்டிலைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பாட்டில் வெளியே வியர்த்துக் கையை ஜில்லென்று கடிக்கும். முதுகில் வெயில் சுட, கையில் வசந்தகாலத்துத் தண்ணீர்! இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் உணர வைக்கிற வேலை வேறு எது இருக்கிறது?

நம் கண்மாய் இப்படி இருக்காது என்பதைச் சொல்ல வேண்டும். அது ஆழம் குறைந்த நீர். பகலில் வெயில் பட்டு மேலே சூடானாலும், ராத்திரிக் குளிரும் ஒரு காற்றும் போதும், அடிவரை கலந்துவிடும். சேறு கிளம்பும், கலங்கல் தெளிய நாளாகும். இங்கே வந்து ஆழமான ஏரியைப் படித்த பிறகுதான் நம் கண்மாயின் குணமே எனக்குப் பிடிபட்டது.

சரி, படகிலிருந்து கரைக்கு வருவோம். மதியம் நுண்ணோக்கி. வலையில் அள்ளிய தண்ணீரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்தால் டாஃப்னியா வந்து நிற்கும். கடுகை விடக் கொஞ்சம் பெரிதோ சிறிதோ இருக்கும் ஒரு நீர்ப்பூச்சி. உடம்பு கண்ணாடி. தின்ற பாசி வயிற்றுக்குள் பச்சைக் கோடாகத் தெரியும். முதுகுப்புறத்தில் இதயம் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம், அதற்குப் பக்கத்தில் பையில் முட்டைகள். நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்பதுதான் இதன் தொழில். மே, ஜூன் மாதங்களில் இவை பெருகும்போது ஏரி பளிச்சென்று தெளிந்துவிடும். தட்டு நாலைந்து மீட்டர் போனாலும் கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு ஒரு எதிரி வந்துவிட்டது. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், உடம்பை விட நீளமான முள்வாலோடு இன்னொரு நீர்ப்பூச்சி. ஐரோப்பாப் பக்கத்து உயிர். 1980-களில் கப்பல்கள் சுமந்து வந்த தண்ணீரோடு இங்குள்ள பெரும் ஏரிகளுக்கு வந்து, மெண்டோட்டாவில் 2009-ல் பிடிபட்டது. டாஃப்னியாதான் அதற்கு விருந்து. டாஃப்னியா குறைந்ததும் ஏரியின் தெளிவு ஏறக்குறைய ஒரு மீட்டர் போய்விட்டது. இழந்த தெளிவை மீட்க வேண்டுமானால் ஏரிக்குள் வரும், பாசிக்கு உரமாகிற பாஸ்பரஸை 71 சதவீதம் குறைக்க வேண்டும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்கள் 2016-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நகத்தளவு பூச்சி ஒன்று ஊருக்கே எத்தனை கோடி செலவு வைக்கிறது, பாருங்கள்.

பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டால் உங்களுக்குச் சட்டென்று புரியும். சாணம்தான்! விஸ்கான்சின் பால் மாநிலம். வண்டி நம்பர் பலகையிலேயே பால் நாடு என்று எழுதி ஓட்டுகிறார்கள். கறவை மாடு மட்டும் 12 லட்சத்துக்கு மேல். நீங்கள் காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனால் கொழுப்பு பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பண்ணைக்காரர்களே எளிதாகப் பார்க்கிற சோதனையை 1890-ல் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் ஸ்டீபன் பாப்காக் என்ற ஆசிரியர் கண்டுபிடித்தார். தண்ணீர் கலந்து ஏமாற்றுவதும் அதோடு குறைந்தது. காப்புரிமை கூட வாங்காமல் ஊருக்கே கொடுத்துவிட்டார். எவ்வளவு பெரிய மனசு! அவர் பேரில் வளாகத்தில் பால்பண்ணை இருக்கிறது. அங்கே போடுகிற ஐஸ்கிரீமுக்கு நான் அடிமை.

அத்தனை மாடும் போடுகிற சாணத்தை வயலில் கொட்டுகிறார்கள். நல்லதுதான், நாமும் அதைத்தானே செய்கிறோம். ஆனால் இங்கே பனிக்காலத்தில் மண் கல்லாய் இறுகிக் கிடக்கும்போது கொட்டினால் உள்ளே இறங்காது. பனி உருகும்போது அப்படியே வழித்துக்கொண்டு ஏரிக்கு வந்துவிடும். ஒரு கிலோ பாஸ்பரஸ் 500 கிலோ வரை பாசியை வளர்க்கும் என்பார்கள். ஆகஸ்ட் வந்தால் நீலப்பச்சைப் பாசி கரையோரமாகப் பச்சைப் பெயிண்ட் கொட்டினாற்போல் திரளும். குளிக்கக் கூடாது என்று பலகை வைத்துவிடுவார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். கரையில் மணல் வாளியோடு வந்த குழந்தைகள் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைப் பார்க்கச் சகிக்காது. விவசாயியைத் திட்டியும் பலன் இல்லை, மாட்டைத் திட்டியும் பலன் இல்லை. எந்த ஓடையில், எந்த மழைக்கு, எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தடுப்பது என்று சொல்ல முடியும். அதில் ஒரு துண்டுதான் என் ஆய்வு.

வேலைக் கதை போதும். சாப்பிட்டாயா, சிரித்தாயா என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள்.

ஜூன் கடைசியில் இங்கே சூரியன் விழ 8:40 ஆகிவிடும். அம்மாவிடம் "இப்பத்தான் சாயந்தரம்" என்று சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார். வேலை முடிந்து ஏரிக்கரையில் மாணவர் சங்கத்துத் திண்ணைக்குப் போய்விடுவோம். திண்ணை என்றால் கரையோரமாகப் படிப்படியாக இறங்கும் பெரிய கல்தளம். முதுகில் சூரியக்கதிர் வடிவம் வெட்டிய இரும்பு நாற்காலிகள், மஞ்சள், பச்சை, ஆரஞ்சு நிறத்தில். யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். நான் மடிக்கணினியைத் திறந்து அன்றைய எண்களை வரைபடமாகப் போட்டுப் பார்ப்பேன். காலையில் கயிற்றில் தொட்ட தண்ணீர் சாயங்காலம் திரையில் கோடாக வளைவதைப் பார்ப்பது தனிச் சுகம். இருட்டியதும் புல்வெளியில் மின்மினி. நம் பக்கம் இப்போதெல்லாம் எங்கே பார்க்க முடிகிறது? இங்கே ஜூலை ராத்திரியில் பாதை நெடுக.

சனிக்கிழமை காலையில் சட்டசபைக் கட்டடத்தைச் சுற்றி உழவர் சந்தை. 1972-லிருந்து நடக்கிறது. விளைவித்தவரே வந்து விற்க வேண்டும், வாங்கி விற்கக் கூடாது என்பது சட்டம். கூட்டம் மொத்தமும் இடமாக, கடிகாரத்துக்கு எதிராகத்தான் சுற்றும். கோவிலை வலம் வந்து பழகிய எனக்கு முதல் தடவை கால் எதிர்ப்பக்கம்தான் போனது, ஒரு பாட்டியம்மா சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அங்கே புதுச் சீஸ் கட்டிகள் விற்கும். அன்றைக்குச் செய்ததாக இருந்தால் பல்லில் வைத்துக் கடிக்கும்போது கீச் கீச் என்று சத்தம் போடும். சத்தம் வரவில்லையென்றால் பழசு என்று அர்த்தம். இன்னொரு பக்கம் மோங் மக்கள் கடை போட்டிருப்பார்கள். லாவோஸ் பக்கத்திலிருந்து போர்க்காலத்தில் அகதிகளாக வந்தவர்கள். அவர்கள் கடையில் கீரைக்கட்டு, நீளப் பயற்றங்காய், உறைக்கிற பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். ஆகஸ்டில் பாகற்காயும் வரும். போன வருஷம் பாகற்காயைப் பார்த்ததும் கடைக்கார அம்மாவிடம் நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன், அவரும் அதே மாதிரி பேசினார். வறுப்பீர்களா, சூப்பா என்பதுதான் விவாதம். ராத்திரி நீங்கள் சொன்ன பக்குவத்தில் புளியும் வெல்லமும் போட்டுப் பிட்லை வைத்து அறைத்தோழிகளுக்கெல்லாம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர தினம், மேடிசனுக்கு வீடு மாறும் தினம். ஊரில் ஏராளமான வாடகை ஒப்பந்தங்கள் 14-ந்தேதி முடிந்து 15-ந்தேதி புதிதாகத் தொடங்கும். ஒரே நேரத்தில் பாதி ஊர் மூட்டை கட்டும். வேண்டாத சோபா, மேஜை, விளக்கு எல்லாவற்றையும் தெருவோரத்தில் வைத்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் புத்தக அலமாரியும் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் நாற்காலியும் அப்படி வந்தவைதான். நாலு பேர் சேர்ந்து சோபாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தோம். வழியில் போகிறவர்களெல்லாம் கைதட்டினார்கள்.

சித்தப்பாவுக்கு ஒரு செய்தி. 2021-ல் இந்த ஏரியின் அடியிலிருந்து ஒரு மரத்தோணியை எடுத்தார்கள், 1,200 வருஷம் பழசு. மறுவருஷமே இன்னொன்று கிடைத்தது, அது 3,000 வருஷம் பழசு. ஹோ-சங்க் பழங்குடி மக்களின் முன்னோர் ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. முதல் தோணியில் வலைக்குக் கட்டுகிற கற்கள் இருந்தன, கயிறு நழுவாமல் இருக்க ஓரத்தில் வெட்டுப் போட்ட கற்கள். சித்தப்பா வீச்சுவலைக்கு ஈயக்குண்டு கோக்கிறாரே, அதே வேலைக்குத்தான். மீன் பிடிக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். மீன்பிடித் திருவிழாவில் வெள்ளைத்துண்டு வீசியதும் ஊரே கண்மாய்க்குள் இறங்கிய வீடியோ அனுப்பினாரே, அதை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். கெளுத்தியையும் விராலையும் பார்த்து வாய் பிளந்துவிட்டார்கள். இங்கே ஏரி வற்றுவதென்பதே இல்லை. வற்றுகிற நீர்நிலையில் மீன் எப்படித் திரும்பி வருகிறது, மண்ணுக்குள் முட்டைகள் எப்படிக் காத்துக் கிடக்கின்றன என்று ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன்.

மெண்டோட்டா என்றைக்கு உறைந்தது, என்றைக்குப் பனி விலகியது என்று 1850-களிலிருந்து தேதி இருக்கிறது. ஆரம்பத்தில் கருவி எதுவும் கிடையாது, கரையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்து எழுதி வைத்ததுதான். ஏரிக்கரையில் பிக்னிக் பாயிண்ட் என்ற இடத்திலிருந்து மேப்பிள் ப்ளஃப் என்ற இடம் வரை படகில் போக முடிந்தால் பனி விலகிவிட்டது என்பது கணக்கு. அவ்வளவு எளிய விதி. 1880-81 குளிர்காலத்தில் 161 நாள் உறைந்து கிடந்திருக்கிறது. 2001-02-ல் வெறும் 21 நாள். இத்தனை வருஷத்தில் பனிக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம் சுருங்கிவிட்டது என்று இன்றைக்கு உலகத்துக்கே காட்ட முடிவது அந்தத் தேதிகளால்தான்.

நம் கண்மாய்க்கு அப்படி ஒன்று வேண்டும், சித்தி. கலுங்கில் தண்ணீர் வழிந்து மறுகால் பாய்ந்த தேதி, மடை திறந்த தேதி, மீன்பிடித் திருவிழா நடந்த தேதி, இந்த மூன்று போதும். தினசரி காலண்டரில் அந்தந்தத் தாளைக் கிழிக்காமல் பேனாவால் எழுதி, டப்பாவில் போட்டு வையுங்கள். இந்த ஐப்பசி மழையிலிருந்தே தொடங்கலாம். இன்னொன்று, தாத்தா வரவு செலவு நோட்டில் விதைப்பு, அறுப்போடு கண்மாய் நிலவரத்தையும் எழுதுவார் என்று அம்மா சொல்கிறார். அந்த நோட்டெல்லாம் உங்கள் வீட்டுப் பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டியில் இருக்கிறதாம். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கரையான் ஏறியிருந்தால் வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு வையுங்கள்.

டிசம்பரில் வந்துவிடுவேன், இங்கே ஏரி உறையும் நேரம், அங்கே கண்மாய் நிறையும் நேரம். செக்கி தட்டு ஒன்று பெட்டியில் கொண்டு வருகிறேன். சித்தப்பாவைத் தெப்பம் ஏற்பாடு பண்ணி வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்
மேடிசன்